எழுதாத பிழை

லண்டன் சவுத்தாலுக்குப் பக்கத்தில் கார் ரேடியோ பொருத்தும் ஜப்பான்காரரின் தொழிற்சாலை அது. 2004ஆம் ஆண்டு. புதிய மாடலை லண்டனில் செய்வதா, ஹங்கேரியில் செய்வதா என்று தலைமையகம் யோசித்துக்கொண்டிருந்தது. அது இங்கே வராவிட்டால் எங்கள் நாற்பது பேருக்கும் வேலை இல்லை.

ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கொப்பி. கண்ணில் பட்ட பிழையை அதில் எழுத வேண்டும். பக்கத்து மேசையில் எங்கள் ஊர்க்காரி இசபெல் எழுதித் தள்ளுவாள். கணவன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். "உனக்கு வேலை தெரியாதெண்டு நீயே எழுதிக் குடுக்கிறியோ?" என்று அவளைச் சீண்டுவேன். என் கொப்பி மூன்று வருடமாக வெள்ளையாகவே கிடந்தது. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

பிழை இல்லாமலா? பத்து ரேடியோவில் ஒன்றுக்கு முகப்பு சரியாக உட்காராது. பெருவிரலால் ஓர் அமுக்கு, முடிந்தது கதை. பள்ளிக்கூடத்தில் சிவப்பு மைக்குப் பயந்து வளர்ந்தவள் நான். குற்றத்தை என் கையாலேயே எழுதிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

மார்ச்சில் காய்ச்சலில் ஒரு கிழமை முழுக்கப் படுத்தேன். என் இடத்தில் நின்றவளுக்கு அந்த அமுக்கு தெரியாது. முகப்புகள் கழன்று விழ, நானூறு ரேடியோக்கள் திரும்பி வந்தன. அதோடு புதிய மாடல் ஹங்கேரிக்குப் போனது.

எஞ்சினியர் சகமோட்டோ கூப்பிட்டார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"எங்கள் அப்பாமார் வெளிநாட்டு இயந்திரத்தை வாங்கிக் கழற்றினார்கள். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. தெரியாததை எல்லாம் எழுதி எழுதித்தான் பிறகு சொந்தமாகச் செய்தார்கள். நீங்கள் எழுதியிருந்தால் முகப்பை வார்க்கும் அச்சை ஒரு நாளில் திருத்தியிருப்பேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனிதர் எழுந்து, குனிந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உங்களிடம் கேட்டறியாதது என் பிழை என்றார்.

பஸ்ஸில் இசபெலிடம் சொன்னேன்.

"என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே அக்கா. நான் எழுதியிருப்பன்."

"எனக்குக் கெட்ட பெயர் வருமெண்டு பயந்திட்டன்."

"உங்கட நல்ல பெயரை வச்சு என்ர பிள்ளையளுக்குச் சோறு போடேலுமே?"

அவளுடைய தரிப்பிடம் வந்தது. தினமும் "போட்டு வாறன் அக்கா" என்று சொல்லி இறங்குகிறவள், அன்று "போறன்" என்றாள்.