ஒற்றை விசில்

கால்பந்து என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கெட்டில் ஊறும் சேற்றுத் துணி, அவ்வளவுதான். அந்தத் துணிக்குச் சொந்தக்காரன் என் கொழுந்தன். நான் கண்டக்டராகப் போகிற பஸ்ஸுக்கு அவன்தான் டிரைவர். வீட்டில் அவன் முகம், வண்டியில் அவன் முதுகு, எனக்கு விடிவே கிடையாது. எங்கள் டிப்போ அணியில் நாலு வருஷமாக முன்வரிசை ஆட்டக்காரன். நாலு வருஷமாக ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அணியும் லேசுப்பட்டதல்ல. கடைசி இடத்தை இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

தோற்ற மறுநாள் அவன் வண்டி ஓட்டுகிற லட்சணம் இருக்கிறதே! பள்ளமும் பார்க்க மாட்டான், மேடும் பார்க்க மாட்டான். குலுங்கிப்போன பயணிகள் அவனையா திட்டுவார்கள்? கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிற என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒரு திங்கட்கிழமை எனக்கு வந்ததே கோபம்.

"அப்படி என்னதான்டா நடக்குது அங்க? அடுத்த ஆட்டத்துக்கு நானே வந்து பாக்கறேன்."

"வேணாம் அண்ணி. உங்க வாய்க்கு மைதானம் தாங்காது."

வேண்டாம் என்றால் விடுகிற ஆளா நான்? போனேன்.

டிப்போவுக்குப் பின்னால்தான் மைதானம். டயர் மாற்றுகிற அண்ணன் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தார். நம் ஆட்கள் தப்பித் தவறி ஒரு பந்தைக் கோலுக்குள் தள்ளினார்கள். நடுவர் செல்லாது என்றுவிட்டார். ஆஃப்சைடாம்.

"அப்படின்னா என்னண்ணே?"

"பஸ்சு வர்றதுக்கு முன்னாடியே முட்டி மோதி முன்னால போய் இடம் பிடிச்சு நிப்பானுங்கல்ல, அந்த மாதிரி. பந்து வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் தாண்டிப் போய் கோல்கிட்ட நிக்கக் கூடாது."

"அடக் கடவுளே! இவனுங்களைத்தானே நான் தினம் தினம் திட்டறேன்!"

அன்றைக்கு ஐந்து கோல் வாங்கினோம். 'வாங்கினோம்' என்று என் வாயிலேயே வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. கடைசி நிமிஷத்தில் நம் பந்து ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு ஆட்டம் விடவில்லை. எல்லாவற்றிலும் தோற்றோம். எல்லாவற்றிலும் எனக்குத் தொண்டை கட்டியது.

அப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் குண்டைத் தூக்கிப் போட்டார். வண்டி நிறுத்த இடம் பற்றவில்லை. இந்த வருஷமும் கடைசி இடம் என்றால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் பஸ் நிறுத்தப்போகிறார்களாம். மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், மின்வாரிய அணியோடு. ஜெயித்தால் ஒரு படி மேலே ஏறிவிடலாம். சமமாக முடிந்தால்கூடக் கதை கந்தல்.

அன்று ராத்திரி கொழுந்தன் தட்டைத் தொடவில்லை.

"நாள் பூரா அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்து ஹாரன் சத்தம் கேக்கறேன் அண்ணி. காலை நீட்டி ஓடறதுக்கு எனக்குன்னு இருக்கறது அந்த இடம் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"போகாது, சாப்பிடு" என்று அதட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆட்டத்தன்று டூட்டி முடிந்ததும் நேரே மைதானத்துக்கு ஓடினேன். காக்கிச் சட்டையை மாற்றவில்லை, கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றவில்லை. மின்வாரியக்காரர்கள் ஒவ்வொருத்தரும் அவர்கள் நட்ட கம்பம் மாதிரியே இருந்தார்கள். ஆனால் நம் கோல்கீப்பர், டிப்போவில் டீசல் போடுகிறவர், அன்றைக்கு என்ன சாப்பிட்டு வந்தாரோ, பறந்து பறந்து பிடித்தார். இரண்டாம் பாதியிலும் பாதி போய்விட்டது. யாரும் கோல் போடவில்லை. டயர்க்காரர் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தார்.

அப்போதுதான் பந்து என் கொழுந்தன் காலுக்கு வந்தது. ஆஃப்சைடு இல்லை, நான் பார்த்தேன். எதிரே கோல்கீப்பர் ஒருத்தன்தான். ஓடுகிறான், என் ராசா ஓடுகிறான்! மைதானமே எழுந்து நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து ஒரு தடியன் காலை நீட்டிக்கொண்டு சறுக்கி வந்தான். ஐயோ, பிள்ளை விழப்போகிறானே என்று மனசுக்குத் தோன்றுவதற்குள் கைக்குத் தோன்றிவிட்டது. படிக்கட்டில் யாராவது கால் தவறினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். நீளமாக ஒரு விசில்.

பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. எங்கள் அணியில் கோல்கீப்பரைத் தவிர மற்ற அத்தனை பேரும் டிரைவர், கண்டக்டர். அடித்துவைத்த ஆணி மாதிரி அப்படியே நின்றார்கள். என் கொழுந்தன் பந்தின் மேல் வலது காலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான், பிரேக்கை மிதிக்கிற அதே கால். சறுக்கி வந்த தடியன் மட்டும் நிறுத்த முடியாமல் அவனைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டான்.

"யாருங்க அது ஊதினது?" என்றார் நடுவர்.

அத்தனை விரலும் என்னைக் காட்டின. டயர்க்காரர் விரலும்தான்.

பந்தைக் கீழே போட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். அதற்குள் மின்வாரியம் மொத்தமும் கோல் முன்னால் வந்து அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நாலு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. ஊதியே கெடுத்தேன்.

"அந்தம்மா வெளிய போனாத்தான் ஆட்டம்" என்றார் நடுவர்.

"எங்க அண்ணி வேணும்னு ஊதல சார்! பழக்க தோஷம்!" என்று கொழுந்தன் எனக்காக மல்லுக்கு நின்றான். நடுவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னொரு மஞ்சள் வாங்கினான்னா அவனும் வெளியதான். புண்ணியமாப் போகும், கிளம்பும்மா" என்று டயர்க்காரர் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை.

வெளியே வந்தேன். சுவர் என்னைவிட உயரம். உள்ளே சத்தம் மட்டும் கேட்கிறது. என் வாயை நானே எவ்வளவு திட்டினேன் என்று எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

"டயர்க்காரண்ணே! என்ன நடக்குது?"

"ஐயோ!" என்று சுவருக்கு மேலே குரல் வந்தது.

"ஐயோன்னா? யாருக்கு ஐயோ?"

"ஐயய்யோ!"

இந்த மனுஷனிடம் கேட்டதற்குச் சுவரிடமே கேட்டிருக்கலாம். திடீரென்று உள்ளே பூமி பிளந்த மாதிரி ஒரு கூச்சல். யார் கூச்சல்? நம்முடையதா, அவர்களுடையதா? சுவர் மேல் இரண்டு கை தெரிந்தது. அப்புறம் சேறு அப்பிய ஒரு முகம்.

"அண்ணி! போட்டுட்டேன்! கோல் போட்டுட்டேன் அண்ணி!"

"டேய், எறங்குடா! சுவரேறினா அட்டை குடுப்பாங்கடா, எறங்குடா பாவி!"

கத்தி என்ன பயன்? உள்ளே விசில் ஊதியாகிவிட்டது. இரண்டாவது மஞ்சள். அவன் திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபக்கம் இறங்குவதில் அர்த்தமில்லை என்று என் பக்கமே குதித்தான்.

இப்போது உள்ளே நமக்குப் பத்துப் பேர், வெளியே நாங்கள் இரண்டு பேர். எவ்வளவு நேரம் மிச்சம் என்று தெரியாது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒரு கூச்சல் எழுந்து பாதியில் அடங்கியது. டயர்க்காரர் மறுபடி ஐயோ என்றார். கொழுந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அப்புறம் ஒரு பெரிய சத்தம். சுவர் மேல் டயர்க்காரர் தலை முளைத்தது. மூக்கும் கண்ணும் ஒழுகுகிறது, வாய் திறக்கிறது, பேச்சு வரவில்லை.

"சொல்லித் தொலைங்கண்ணே!"

"பஸ்ஸை... பஸ்ஸை வேற எங்கயாவது நிறுத்திக்கச் சொல்லுங்கடா!"

கொழுந்தன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? சற்றுப் பொறுத்து அவன் தலையை நிமிர்த்தினான்.

"அண்ணி, நீங்க என் கோலைப் பாக்கவே இல்லல்ல?"

"சுவத்தைத்தான்டா பாத்தேன்."

சட்டென்று எழுந்தான். பனியனைக் கழற்றிச் சுருட்டிப் பந்தாக முடிந்தான். என் டிக்கெட் பையை ஒரு பக்கம் வைத்தான், அவன் பூட்ஸை இன்னொரு பக்கம் வைத்தான். என்னை நடுவில் நிறுத்தினான். அவனைத் தோளில் தூக்க ஓடிவந்த அணி மொத்தமும் என்ன கூத்து என்று புரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

"நான் உங்களுக்கு இடது பக்கம் அடிப்பேன். நீங்க ஏமாந்து வலது பக்கம் விழணும். சும்மா சாயக் கூடாது அண்ணி, அந்தக் கோல்கீப்பர் நல்லா விழுந்தான்."

அடித்தான். தார் ரோட்டில், அத்தனை பேர் பார்க்க, நான் வலது பக்கம் நல்லாவே விழுந்தேன். முட்டி சிராய்த்துவிட்டது. "கோல்!" என்று முதலில் கத்தியது நான்தான்.