முகமூடிக்குள் மெர்வ்

கொக்கி கழல மறுத்தது. நோலீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சவப்பெட்டிக்குள் பாதி உடம்பைச் சாய்த்து, கணவனின் கழுத்தடியில் இரண்டு கையாலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிப் பூச்சு போட்ட பிளாஸ்டிக் கொக்கி. அதில் ஓர் ஓநாய்த் தலை. அதிலிருந்து தொங்கிய சாம்பல் நிற மேலங்கி மெர்வைக் கணுக்கால் வரைக்கும் மூடியிருந்தது. அவளே பின்னி, நேற்று தன் கையால் போட்டுவிட்ட பச்சை ஸ்வெட்டர் அதற்கடியில் எங்கேயோ கிடந்தது.

"அம்மா! என்ன பண்றே?" வாசலில் மகள் கிர்ஸ்டி.

"உங்கப்பாவைத் தேடறேன்."

"கையை எடு. அது அப்பாவோட படை உடுப்பு."

"உங்கப்பா எந்தப் பட்டாளத்துக்குடி போனார்? நாற்பது வருஷம் ஆட்டுக்கு ரோமம் கத்தரிச்சார்."

"அதை யார் ஞாபகம் வச்சிருக்கா?"

"ஆடு வச்சிருக்கும்."

இருபது வருடங்களுக்கு முன் 'பனிவாயில்' படங்களை எடுக்க அந்தப் பள்ளத்தாக்குக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். உயரமானவர்கள், பல் கோணலானவர்கள், குளிருக்கு முனகாதவர்கள் தேவை என்று மதுக்கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்றிலுமே மெர்வ் தேறினான். ரப்பர் முகமூடி மாட்டிக்கொண்டு எதிரிப்படையில் நானூறில் ஒருவனாக ஓடினான். படங்கள் வெளிவந்தன. உலகமே அழுதது. பள்ளத்தாக்கில் அழாதவர்கள் இருவர்தான். ஒன்று மெர்வின் நாய். அதுகூடக் கொம்பு ஊதும் இடத்தில் ஊளையிட்டது. மிச்சம் நோலீன்.

ஒவ்வொரு குளிர்காலமும் நீண்ட வார விடுமுறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு மூன்று படத்தையும் பதினோரு மணி நேரம் பார்ப்பது குடும்ப வழக்கம். அவள் முயலாமல் இல்லை. ஆனால் மன்னன் சாகிற இடத்தில் அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இத்தனை அம்பு தைத்தவன் எதற்கு இவ்வளவு நேரம் பேசுகிறான்? ஒரு வருடம், மற்றவர்களுக்காகவாவது அழுது தொலைக்கலாம் என்று தன் தாயின் சாவை நினைத்துக்கொண்டாள். கண்ணீர் வரப்போன நேரம் பார்த்துத் திரையில் ஒரு வெள்ளாடு பேச ஆரம்பித்தது. அவள் சிரித்துவிட்டாள். மூன்று நாள் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை.

மன்னன் விழும்போது அவனுக்குப் பின்னால் ஒரு முகமூடி ஈட்டியைத் தூக்கிக் கத்தும். "அப்பா!" என்று கிர்ஸ்டியும் கத்துவாள். மெர்வ் படத்தை அங்கே நிறுத்துவான். எல்லோரும் திரையைப் பார்க்க, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்ப்பான். இதற்குக்கூடவா உனக்கு ஒன்றும் வரவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கும். அவள் குனிந்து கையிலிருக்கும் கம்பளிப் பின்னலின் கண்களை எண்ணுவாள்.

கிர்ஸ்டி கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவளிடம் நீட்டினாள். இறுதிச் சடங்கின் நிகழ்ச்சித் தாள். மேலே மெர்வின் முழுப் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். நடுவில் ஈட்டியைத் தூக்கிக் கத்துகிற முகமூடி.

"ஒரு நல்ல போட்டோ கிடைக்கலையா உனக்கு?"

"இதுதான் அப்பா."

"இது ரப்பர்."

கிர்ஸ்டி மிச்சத் தாள்களைத் தட்டி அடுக்கினாள். "உனக்கு எதுவுமே உறைக்காதும்மா. அந்த ராஜா செத்தப்பவும் பின்னிட்டிருந்தே. அப்பா செத்து மூணு நாளாச்சு, இப்பவும் ஒரு சொட்டு இல்ல. கல்லு நீ."

"கல்லா இருந்ததாலதான் அத்தனை மணி நேரம் உக்கார முடிஞ்சது."

"ஊர் மன்றத்துல அந்தக் காட்சியைப் போடப் போறோம். பிடிக்கலன்னா வெளிய போய் நில்லு."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. நோலீன் மறுபடி கொக்கியைப் பிடித்தாள். இந்த மனிதன் மண்ணுக்குள் போகும்போது மெர்வாகப் போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். எழுபத்திரண்டு வயதில் ஓர் ஓநாய்த் தலையோடு குஸ்தி போடவேண்டி வரும் என்று மட்டும் அவள் நினைத்திருக்கவில்லை.

பின்வாசல் வழியாகக் கிளாரி வந்தான். மெர்வோடு ரோமம் கத்தரித்தவன், அவனோடு முகமூடி மாட்டியவன், இன்று பெட்டி தூக்கப் போகிறவன். அவன் தோளிலும் அதே சாம்பல் அங்கி.

"வாய்யா தளபதி," என்றாள் நோலீன். "பூட்ஸைத் துடைச்சியா?"

"எங்கிட்ட ஏன் எரிஞ்சு விழறே? அங்கி உன் பொண்ணு குடுத்தது." அவன் பார்வை தாளில் விழுந்தது. எடுத்துப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"இதையா அச்சடிச்சா?"

"ஏன், உனக்கும் அழுகை வருதா?"

"நோலீன், இது நான்."

"என்ன நீ?"

"இந்த ஆளு. கட்டைவிரலைப் பாரு. கைக்கு வெறும் சாயம்தான் பூசினாங்க."

கிளாரியின் வலது கட்டைவிரலில் பாதியைக் கத்தரிக்கும் இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நோலீன் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். ஈட்டியைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் குட்டையாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அறுபது தாள் அடிச்சிருக்கா. செத்தவன் நேரா வந்து வீட்டுல உக்காந்திருக்கான்."

"சிரிக்காதே. ராஜா விழற காட்சி எடுத்தப்போ மெர்வ் களத்துலயே இல்ல. விடியக்காலையில முகமூடியைக் கழட்டி என் கையில குடுத்தான். டனீடின் நகரத்துக்குப் போகணும்னான். பனி கொட்டின வாரம், பாதை பாதி மூடிக் கிடந்தது. எதுக்குடான்னு கேட்டேன். சொல்லல."

நோலீனின் சிரிப்பு நின்றது.

அந்த வாரம் டனீடின் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடது மார்பில் கட்டியை அறுத்து எடுத்தார்கள். பிள்ளைகளிடம் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அந்த நோயின் பெயரைச் சொல்லுகிற குடும்பமல்ல அது. மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது மெர்வ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் சாம்பல் சாயம் கழுவப்படாமல் இருந்தது. நோயாளி நீங்களா என்று தாதி இரண்டு தடவை அவனைக் கேட்டாளாம். இன்று படப்பிடிப்பு இல்லை என்று நோலீனிடம் சொன்னான். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் போர்க்களத்தில் இருந்ததாகச் சொல்லியிருப்பான். படம் வந்ததும் அவர்கள் "நீ எங்கே, நீ எங்கே" என்று கேட்டிருப்பார்கள். யாரையாவது காட்டித்தானே ஆக வேண்டும்.

அப்படியானால் அத்தனை குளிர்காலமும், படத்தை நிறுத்திவிட்டு, தான் அன்று உட்கார்ந்திருந்த கட்டில் ஓரத்தை நினைத்துத்தான் அவன் அவள் முகத்தை—

"அடப்பாவி," என்றாள் பெட்டிக்குள் பார்த்து.

"கிர்ஸ்டிகிட்டச் சொல்லிடு," என்றான் கிளாரி. "அங்கியும் வேணாம் படமும் வேணாம்னு அவளே நிறுத்திடுவா."

கதவு திறந்தது. மூடியை முடுக்க வந்தவரோடு கிர்ஸ்டி. அழுது முகம் வீங்கியிருந்தது. நிகழ்ச்சித் தாள்களை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கழட்டிட்டியா? சந்தோஷமா?"

பதில் நோலீனின் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல பதில். ஒரே அடியில் மகள் வாயடைத்துப் போவாள். நோலீன் தாள்களைப் பார்த்தாள், மகளின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். பிறகு மேலங்கிக்குள் கையை விட்டாள்.

"உள்ள ஸ்வெட்டர் சுருண்டிருக்கு. அதை மட்டும் இழுத்து விடறேன்."

"அது அப்பாவுக்கு எப்பவும் இறுக்கம்தான்."

"இறுக்கட்டும். உன் கொக்கி மட்டமான கொக்கி."

"உன் பின்னலும்தான்."

மூடி விழுந்தது. கிளாரி அவள் காதருகே குனிந்தான். "ஏன் சொல்லல?"

"மன்றத்துல எல்லார் கையிலயும் அந்தத் தாள் இருக்கும். வலது கையை அங்கிக்குள்ளயே வச்சுக்கோ. சடங்கு முடிஞ்சு பலகாரம் குடுப்பாங்க, ஆஸ்பரகஸ் ரோலை இடது கையால தின்னு."

ஊர் மன்றத்தில் விளக்கை அணைத்தார்கள். முதல் வரிசையில் நோலீனுக்கு ஒரு பக்கம் கிர்ஸ்டி, மறுபக்கம் கிளாரி. திரையில் மன்னன் அம்புகளோடு பேசிக்கொண்டே இருந்தான். அது இப்போதும் சலிப்பாகத்தான் இருந்தது. பின்வரிசைகளில் மூக்கு உறிஞ்சும் சத்தம். முகமூடி ஈட்டியைத் தூக்கியது. படம் அப்படியே நின்றது. இருட்டில் யாரோ "மெர்வ்!" என்றார்கள்.

கிர்ஸ்டி மடியிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, தாயைத் தாண்டிப் பெட்டியைக் கிளாரியிடம் நீட்டினாள். எத்தனையோ வருடமாக அந்தப் பெட்டி அப்படித்தான் நோலீனைத் தாண்டிப் போகும்.

பாதி வழியில் நோலீன் அதைப் பிடித்தாள். கிர்ஸ்டி திரும்பிப் பார்த்தாள். நோலீன் ஒன்றை உருவிக்கொண்டு பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிளாரி இடது கையை நீட்டிக் கேட்டபோதும் கொடுக்கவில்லை.