இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான்

லிங்கராஜபுரம் வாடகை வீட்டுக் குழுவில் ஒரு பதிவை மூன்று பேர் ரிப்போர்ட் செய்தால் அது தானாக மறைந்துவிடும். அட்மின் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் திரும்ப வரும். ஒருவர் சரி, ஒருவர் வேண்டாம் என்றால் மறைந்தது மறைந்ததுதான். பார்க்க நடுநிலைபோலத் தெரியும். ஆனால் அட்மின்கள் சண்டை போட்டாலே ரிப்போர்ட் செய்தவர்கள் ஜெயித்தார்கள் என்று அர்த்தம்.

நான்கு வருடமாக அட்மினாக இருந்து பெர்னதெத்துக்கு அலுத்துவிட்டது. இன்று மறைந்திருப்பது தனக்கோடியின் பதிவு. பிரேசர் டவுனில் வீட்டு வேலை செய்பவள், பிள்ளைகளோடு வீடு தேடுகிறாள்.

"மூணாவது கிராஸ் பச்சை கேட் வீட்டுக்கு யாரும் போகாதீங்க. என்ன சமைப்பீங்கன்னு கேட்டாங்க. மாட்டுக்கறின்னேன். வீடு போயிடுச்சுன்னுட்டாங்க. டூலெட் போர்டு இன்னும் தொங்குது."

மதிய இடைவேளையில் மற்ற அட்மினான ஜெயராஜை பெர்னதெத் அழைத்தாள்.

"அண்ணா, அந்தப் பதிவத் திரும்பப் போட ஒத்துக்குங்க."

"பேடாம்மா, வேணாம். வீட்டுக்காரங்க கோச்சிக்கிட்டுப் போயிட்டா குரூப்ல எதப் போடுவ? உன் போட்டோவையா?"

"நீங்களும் மாடி போர்ஷன வாடகைக்கு விடுறவரு. அதான் அவங்க பக்கமே சாயுறீங்க."

"ஓகோ, நீ தராசு முள்ளு! நீக்கின லிஸ்ட்டத் தொறந்து பாரு. மார்ச்சுல ராஜலக்ஷ்மின்னு ஒரு பொண்ணு இதே பச்சை கேட்டப் பத்தி இப்படியேதான் எழுதுச்சு. தூக்குனது யாரு?"

யார் எதை எப்போது நீக்கினார்கள் என்பதைக் குழுவே குறித்துவைக்கும். திறந்தாள். நீக்கியவர்: பெர்னதெத். மாலை 6.40. காரணம்: தகராறு.

நினைவு வந்தது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். முற்றுப்புள்ளியே இல்லாத நீளமான பதிவு. நாலு வரி படித்ததும் யார் வீட்டுச் சண்டையோ என்று 'நீக்கு' பொத்தானை அழுத்திவிட்டாள். அது இருந்திருந்தால் தனக்கோடி அந்த கேட்டைத் தட்டியே இருக்க மாட்டாள்.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேண்ணா."

தான் நீக்கியதை ஓர் அட்மின் தானே திரும்பப் போடலாம். கைதவறுதலுக்காக வைத்த விதி. ஆனால் அப்படிப் போட்டால் நீக்கியவர் பெயரும் தேதியும் பதிவின் தலையில் எல்லோருக்கும் தெரியும். ராஜலக்ஷ்மியின் பதிவைத் திரும்பப் போட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள இதுவும் போயிடும், பாரு," என்றார் ஜெயராஜ். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

கால் மணி நேரத்தில் இரண்டு ரிப்போர்ட். கீழே தனக்கோடி எழுதியிருந்தாள்: "அக்கா, இத அப்பவே விட்டிருக்கக் கூடாதா? சின்னவளக் கூட்டிட்டுப் போய் அந்த வாசல்ல நின்னேனே."

"விட்டிருக்கணும்" என்று பெர்னதெத் எழுதினாள். தனக்கோடி அதைப் பார்த்தாளா என்று தெரிவதற்குள் மூன்றாவது ரிப்போர்ட் விழுந்து பதிவு மறைந்துவிட்டது.