முந்நூறு பக்க ஓநாய்

பழைய கதை ஒன்றரைப் பக்கம்தான். யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு அம்மா ஆடு வெளியே போகிறது. ஓநாய் அம்மாவைப் போலவே குரலைக் குழைத்துக்கொண்டு, காலில் மாவைப் பூசிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறது. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

பதிப்பாளருக்கு அது முந்நூறு பக்கம் வேண்டியிருந்தது. பழைய தேவதைக் கதைகளை இளைய வாசகர்களுக்கு முழுநீள நாவலாக்கித் தரும் வரிசை ஒன்றை அவர் தொடங்கியிருந்தார். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தன் இரங்கல் கூட்டத்துக்குத் தானே தலைமை தாங்குகிறவர் போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

"மேடம், கதைல எலும்பு மட்டும்தான் இருக்கு. சதை வேணும். அம்மா எப்படிக் கதவைத் தட்டுவா? குட்டிய என்னன்னு கொஞ்சுவா?"

"எனக்கெப்படி சார் தெரியும்? ஆடு எனக்கு அவ்வளவா பழக்கமில்ல," என்றார் எழுத்தாளர்.

"உங்க வீட்டையே தூக்கி வைங்க!"

வைத்தார். மூன்றாம் மாடியில் அவரும் மகளும் மட்டும். பள்ளி விட்டு வந்ததும் மகள் உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். அம்மா வரும்வரை தனிமை. அதனால் இருவருக்கும் ஓர் ஏற்பாடு. "யாரு?" என்பாள். "உன் கொடுமைக்காரி." "சாவி எங்க?" "சாவி தூங்குது, சுண்டெலி." அப்புறம்தான் தாழ் நகரும். இதெல்லாம் அப்படியே நாவலுக்குள் போனது. மகளின் ஆடும் பல், காய்ச்சலில் பாடும் பாட்டு, கிறீச்சிடும் கீழ்த்தாழ்ப்பாள், எதுவும் பாக்கியில்லை.

ஒன்றை மட்டும் பதிப்பாளர் அடித்தார். அவசரத்தில் சிக்கெடுக்கும் அம்மா ஆடு, சீப்பாலேயே குட்டியின் காதில் ஒன்று வைக்கும் இடம்.

"ஐயையோ! பிஞ்சு உள்ளம் மேடம், பிஞ்சு உள்ளம். புத்தகம் வாங்குறதே அம்மாக்கள்தான். நம்ம அம்மா குரலக்கூட உசத்த மாட்டா."

அப்படியே ஆயிற்று. அந்த ஆட்டைப் போல ஓர் உத்தமத் தாய் எந்தக் கொட்டிலிலும் பிறந்ததில்லை.

புத்தகம் கடைக்கு வந்த மறுவாரம் நடந்த வெளியீட்டு விழாவில் பதிப்பாளர் மைக்கை விடவே இல்லை. எழுத்தாளர் வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. படிகளில் யாரோ மாவு சிந்தியிருந்தார்கள். மேல்மாடிக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஏறி, கதவைத் தட்டினார். உள்ளே மகளின் சிரிப்புச் சத்தம் நின்றது.

"யாரு?"

"உன் கொடுமைக்காரி."

"சாவி எங்க?"

"சாவி தூங்குது, சுண்டெலி. திற, காலு வலிக்குது."

தாழ் நகரவில்லை. "அம்மா, வெளிய இருக்கவங்களும் எல்லாத்தையும் கரெக்டா சொல்றாங்க," என்றாள் மகள். கதவைப் பார்த்துச் சொல்லவில்லை. உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"திறக்காதடா கண்ணு. அதுதான் ஓநாய்."

எழுத்தாளருடைய குரல்தான். வீட்டில் பேசும் குரல் அல்ல. மேடையில் பேசுவாரே, அது.

பல்லைச் சொன்னார். உள்ளிருந்த குரலும் சொன்னது. பாட்டைத் தொடங்கினார், அடுத்த அடியை உள்ளிருந்து, அவரைவிடச் சுருதி சுத்தமாக, அது பாடியது. வேறென்ன சொல்வது? அவர்களுடையது என்று இருந்த எல்லாமே இப்போது கடையில் கிடைத்தது.

எதிர்வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "புத்தகம் படிச்சேன் மேடம். என்ன பொறுமையான அம்மா!"

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எழுத்தாளருக்குப் புத்தகத்தில் வராத ஒன்று ஞாபகம் வந்தது. கதவில் வாயை வைத்துக் கத்தினார்.

"சுண்டெலி! பரீட்சை அன்னிக்குக் காலைல சீப்பால அடிச்சேனே! காதுல ரத்தம் வந்துதே! டீச்சர் கேட்டா விழுந்துட்டேன்னு சொல்லச் சொன்னேனே!"

எதிர்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

உள்பக்கம் திரும்பி மகள் கேட்டாள், மிகச் சின்னக் குரலில்: "அம்மா, நீ என்னை அடிச்சியா?"

"நான் அடிப்பேனா கண்ணு? ஒருநாளும் இல்ல," என்றது உள்ளிருந்த குரல்.

கீழ்த்தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

கதவுக்குப் பின்னால் மகள் மட்டும் நின்றிருந்தாள். சமையலறை ஜன்னல் திறந்து கிடந்தது. அதற்கு வெளியே மூன்று மாடி ஆழம்.

எழுத்தாளர் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவள் கைகள் தொங்கியபடியே இருந்தன.

"அவங்க கத்தவே இல்லம்மா. வலிக்காம சிக்கெடுத்தாங்க. நீ லேட்டா வர்ற அன்னிக்கு மறுபடி வர்றேன்னாங்க."

திரும்பிக் காட்டினாள். ஒரு முடிகூடப் பிசகாத பின்னல். பிடரியிலிருந்து நுனிவரை மாவு.

அதை உடனே அவிழ்த்தாக வேண்டும். எழுத்தாளர் சீப்பை எடுத்தார். முடிச்சு இளகவில்லை. இன்னும் இழுத்தார், கை தன்பாட்டுக்கு வேகம் பிடித்தது.

"ஆ! வலிக்குதும்மா," என்றாள் மகள், ஜன்னலையே பார்த்துக்கொண்டு.