ஆற்றிடம் சொல்லிக்கொண்டவள்

போன கார்த்திகையின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, புவனகிரிப் பாலத்துக்குக் கிழக்கே வெள்ளாற்றின் இரண்டு கரைகளும் ஒரு ரப்பர் படகைக் கண்டு பின்வாங்கின. படகு பத்தடி நெருங்கினால் கரை பத்தடி விலகியது. அன்று சேத்தியாத்தோப்பில் கத்தரிக்காய் விலையும் ஏறியிருந்தது. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் பெரிதாகப் பேசினார்கள்.

மழைக்காலத்தில் அணைக்கட்டைத் திறந்ததும், சேத்தியாத்தோப்பில் உல்லாசச் சவாரிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நாணலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே துடுப்புப் போட வைத்து, மதியம் இரண்டு மணிக்குப் புவனகிரியில் இறக்கிவிடுவது கிள்ளை ஊர்க்காரர் அந்தோணிசாமியின் தொழில். அன்று படகில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ராஜாமணி, அவர் மனைவி மங்கலம், கல்லூரி மாணவர்கள் இருவர், பிறகு மாலதி. இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டு அவள் மட்டும் வந்திருந்தாள். ஏன் என்று கேட்கும் அளவுக்கு அந்தோணிசாமி நாகரிகம் கெட்டவர் அல்ல. அணைக்கட்டுக்குக் கீழே படகு துள்ளியபோது மாணவர்கள் கத்தினார்கள், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நரி ஒன்று நிமிர்ந்து பார்த்தது. மாலதி சிரிக்கவில்லை.

புவனகிரியில் காத்திருந்த வேன் டிரைவர் ராஜ்கமல் கயிறு வீசினான். ஒரு சாண் எட்டவில்லை. இன்னும் இரண்டு கயிற்றை முடிந்து வீசினான், அப்போதும் அதே ஒரு சாண். மாணவன் ஒருவன் குதித்து, கை ஓயும் வரை கரையைப் பார்த்து நீந்தினான். திரும்பிப் பார்த்தால் படகு அவன் தோளை உரசிக்கொண்டிருந்தது. கடல் நீர் இறங்கும் நேரம், ஆறு கிழக்கே இழுத்தது. நான்கு மணிக்குப் பரங்கிப்பேட்டையின் அலையாத்தி மரங்கள் வந்துவிட்டன. அதற்கப்பால் முகத்துவாரம். அலை மடங்கி அடிக்கும் அந்த இடத்தில் ரப்பர் படகு ஒரு நிமிடம் தாங்காது என்று அந்தோணிசாமிக்குத் தெரியும். எல்லோருடைய லைஃப் ஜாக்கெட் வாரையும் இன்னொரு முறை இறுக்கினார். வேன் கரையோரமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது.

ராஜாமணிதான் கேட்டார். "கெளம்பும்போது ஊட்ல யாராச்சும் போறேன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

ஆளாளுக்கு யோசித்தார்கள். போயிட்டு வரேன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மங்கலம் நாயிடம்கூடச் சொல்லியிருந்தாள். மாலதி மட்டும், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, போறேன் என்று சொன்னதை ஒப்புக்கொண்டாள். படகில் போகிற பொம்பளை எனக்கு வேண்டாம் என்று அவள் கணவன் எழிலன் காலையில் சொல்லியிருந்தான். அவள் ஷூவை மாட்டிக்கொண்டு, எட்டு வருடத்தில் முதல்முறையாக, வெறும் போறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. மங்கலம் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"போன் போட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா, இத்தன உசுரு இருக்கு" என்றார் அந்தோணிசாமி.

அவள் போட்டாள். எழிலன் எடுத்தான். வரேங்க என்றாள். படகு முகத்துவாரத்தை நோக்கி இன்னும் இருபது அடி பாய்ந்தது. ஏமாறுவதற்கு வெள்ளாறு ஒன்றும் அசடு அல்ல. தான் சொன்னது பொய் என்று மாலதிக்கே அப்போதுதான் தெரிந்தது. கடலைவிட அதற்கு அதிகம் பயந்தாள்.

"நான் வரல. அந்த ஊட்டுக்கு இனிமே வரவே மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

படகு நின்றது. இருபுறமும் தண்ணீர் ஓட, படகு மட்டும் அறைந்தாற்போல் நின்றது. ஆனால் கரை வரவில்லை. வரேன் என்று உண்மையாகச் சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. பெற்றவர்கள் இல்லை, பிள்ளை இல்லை. அலைத்தூறல் முகத்தில் விழுந்தது, மாணவன் ஒருவன் அழ ஆரம்பித்தான். மாலதி முழங்கை வரை தண்ணீருக்குள் கையை விட்டாள். விருந்துக்குப் போன வீட்டில் விடைபெறுகிறவள் போல ஆற்றிடம் மெதுவாகச் சொன்னாள்.

"போயிட்டு வரேன்."

கரை வந்து படகில் இடித்தது. ராஜ்கமல் கயிற்றைக் கட்டினான், மங்கலம் முதலில் இறங்கினாள்.

மாலதி இப்போது அண்ணாமலை நகரில் வாடகை அறையில் இருக்கிறாள், ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஞாயிறுதோறும் படகுக்கு வந்துவிடுவாள். தை மாதத்தில் ஒரு ஞாயிறு காய்ச்சலால் வர முடியவில்லை. அன்று சாயங்காலம் அவள் அறை வாசலில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளாறு வந்து நின்றது. பக்கத்து அறைக்காரர்கள் செருப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். போர்வையை விலக்காமல், அடுத்த வாரம் வரேன் என்றாள் மாலதி. ஆறு திரும்பிப் போனது.