கொம்புப் பிடிக்கு உரிய அலகு

நீடாமங்கலத்தில் தியாகேசனைக் 'கத்திக்காரர்' என்றால்தான் தெரியும். கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற அந்தச் சிவபக்தர் ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர். ஆயினும் காலையில் பதிகம் ஓதி முடித்து, நெற்றித் திருநீற்றின் ஈரம் உலருமுன்பே தம் மடக்குக் கத்திப் பெட்டியைத் திறந்துவிடுவார். அலகின் வடிவம் பார்த்துக் கெண்டை, மூங்கிலிலை, கிளிமூக்கு என்று அவரே பெயரிட்டு வகுத்திருந்த பழங்கத்திகள் அதனுள் வரிசையாய்க் கிடந்தன.

அவற்றுள் அவர் உயிரை வைத்திருந்தது பித்தளைப் பிடி போட்ட மூங்கிலிலை ஒன்று. திருமுறை ஏடு எழுதிய குடும்பத்தார் ஓலை நறுக்கிய கத்தி அது என்று சுவாமிமலையில் விற்றவன் சொன்னான். அவரும் சந்தேகமின்றி நம்பினார். அதன் உருக்கில், புதுப்புனல் மணலில் வரைந்து சென்றாற்போல, மெல்லிய வரிகள் ஓடும். உலகில் அதற்கு இணையில்லை என்றிருந்தவர், கூத்தாநல்லூரில், வங்கி நாளிலிருந்து பழக்கமான ஜன்னத் பீவி வீட்டுக்கு ஏதோ வேலையாகப் போனபோது திகைத்துப்போனார். அதே மூங்கிலிலை, அதே வரியோட்டம், பிடி மட்டும் எருமைக்கொம்பு. ஜன்னத் பீவியின் காலஞ்சென்ற தந்தை, அரபெழுத்து எழுதுவதற்கு நாணற்பேனா சீவிய கத்தி.

இரண்டும் ஒரே கொல்லன் கைப்பட்டவையா? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்தார். வந்தவர் சும்மா இருந்தாரில்லை. பிடிக்குள் மறைந்த பகுதியிலும் வரி ஓடுகிறதா என்றறியும் ஆவலில், இரண்டின் ஆணிகளையும் கழற்றினார். எலுமிச்சைச் சாற்றால் இரண்டையும் துலக்கினார். வரிகள் பளிச்சென எழுந்தன. ஆனால் கொம்புப் பிடிக் கத்தியின் அலகில் ஊறியிருந்த மைக்கறை அந்தச் சாற்றோடு போயிற்று. இடப்பக்கம் அவர்களுடையது, வலப்பக்கம் நம்முடையது என்று மனத்தில் இருத்தி, வாசலில் ஒரு துண்டை விரித்து அலகுகள் இரண்டையும் உலரவைத்தார். தூறல் விழுந்தது. அவர் மனைவி தங்கம்மாள் துண்டை அப்படியே வாரிச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டாள்.

எந்த அலகு யாருடையது என்று தெரியாமல் அன்றுமுதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிடிகள் இரண்டும் ஐயமின்றி இருந்தன. அலகுகளோ எந்தப் பிடியிலும் பொருந்தின, ஆணித்துளைகூடப் பிசகவில்லை. பூதக்கண்ணாடியில் வரிகளை ஒத்துப் பார்க்கப் பார்க்க, சற்றுமுன் கண்ட வேற்றுமையும் கரைந்தது.

அந்நிலையில்தான் ஜன்னத் பீவி வந்து நின்றாள்.

"எம் பேத்தி ரிஃப்கா அரபெழுத்து கத்துக்கப் போறா அண்ணே. மொதப் பேனாவ எங்க அத்தா கத்தியாலதான் சீவணுமாம். ஒரே பிடிவாதம். எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

கொம்புப் பிடியில் ஏதேனும் ஓர் அலகைப் பொருத்திக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பே அவரைச் சுட்டது. பிடிகளையும் அலகுகளையும் அவள் முன்னே பரப்பி, நடந்ததைச் சொன்னார்.

"தூறல்னு எடுத்து வச்சேன். பாவம், என் தலையில விடியுது," என்றாள் தங்கம்மாள். "கத்திய நக்கிப் பாக்காத கொறதான். அதையும் செஞ்சிருந்தா உப்பா புளிப்பான்னு சொல்லியிருப்பாரு."

ஜன்னத் பீவி சிரிக்கவில்லை. அலகுகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "இது மாதிரிதான் இருக்கு," என்றாள். ஒரு கணம் கழித்து, "இல்ல, அது மாதிரியும் இருக்கு," என்றாள். அவள் கண் கலங்கியது. "அத்தா கை பட்ட இரும்ப எனக்கே தெரியலயே!"

"ரெண்டையும் கொண்டுபோம்மா," என்றார் தியாகேசன். "அப்பத்தான் உங்க அத்தாவோடது உங்க வீட்டுக்கு வந்தது நிச்சயம்."

"அப்ப இன்னொண்ணு உங்களோடதுல்ல? அடுத்தவங்க பொருள நான் எப்படி வச்சிருப்பேன்?"

"நான் மனசாரக் குடுக்கறேன்."

"எதக் குடுக்கறீங்க? இதையா, அதையா?"

அவர் விரலை நீட்டினார். விரல் இரண்டு அலகுக்கும் நடுவில் நின்றது. எதைத் தருகிறோமென்று அறியாதவன் தருவதைத் தானம் என்பதா?

ஜன்னத் பீவி தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எங்கள்ல ஒரு வழக்கம் உண்டுண்ணே. ஒருத்தர் பொருள் தெரியாம இன்னொருத்தர்கிட்ட தங்கிப்போச்சுன்னா, ஹலால் பண்ணிக்கங்கன்னு கேப்போம். பொருளுக்குரியவங்க மனசு வச்சுச் சரின்னுட்டா குத்தமில்ல. நான் ஒண்ண எடுத்துக்கறேன். அது உங்களோடதா இருந்தா எனக்கு ஹலால் பண்ணிடுங்க. இங்க தங்கறது எங்க அத்தாவோடதா இருந்தா, நான் உங்களுக்கு ஹலால் பண்ணிடறேன்."

"பண்ணிட்டேம்மா."

"நானும் பண்ணிட்டேன்."

அவள் கண்ணை மூடி ஓர் அலகைத் தொட்டாள். தியாகேசன் அதைக் கொம்புப் பிடியில் பொருத்தி, ஆணியைத் தட்டி இறுக்கி, மடக்கி, இரு கையாலும் நீட்டினார். மலைபோன்ற பாரம் இறங்கிற்று என்றெண்ணி மூச்சுவிட்டார்.

படியிறங்கிய ஜன்னத் பீவி, பாதித் தெருவில் நின்று திரும்பி வந்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். நான் எடுத்தது எங்க அத்தாவோடதாவே இருந்துச்சுன்னா, நாம ரெண்டு பேரும் ஹலால் பண்ணிக்கிட்டது எத?"

தியாகேசன் மறுபடி பூதக்கண்ணாடியைத் தேடினார்.

"கூத்தாநல்லூர் பஸ் வந்துருச்சு பாருங்க," என்றாள் தங்கம்மாள். "அடுத்த தடவ வரும்போது கேட்டுக்கலாம். அதுக்குள்ள இவரு தூங்காம யோசிச்சு வைப்பாரு."