எண்பத்தைந்து கிரெயின்

மூன்றாவது குறி அட்டையிலும் குண்டுகள் சிதறித்தான் விழுந்திருந்தன. லோர்னா அட்டையைக் கம்பத்திலிருந்து பிடுங்கி, காற்று பறித்துக்கொண்டு போகாமல் மார்போடு அணைத்தபடி பிக்கப்பை நோக்கி நடந்தாள். வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, அதில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான் அவள் தம்பி ராய்ஸ்.

"காட்டு பாப்போம். அடேயப்பா! இது மானைச் சுடவா, மானைச் சுத்தி வேலி போடவா?"

"வாயை மூடு."

"துப்பாக்கியைக் குறை சொல்லாத. ட்ரிகரை இழுக்கும்போது நீ கண்ணை மூடிக்கிற. நானே பாத்தேன்."

"மூடல."

"மூடுன."

மறுநாள் விடிந்தால் ப்ராங்ஹார்ன் மான் வேட்டை தொடங்குகிறது. ஷர்லி பேசின் சமவெளிக்கான அனுமதிக் குலுக்கலுக்கு லோர்னா வருஷம் தவறாமல் விண்ணப்பித்து, வருஷம் தவறாமல் ஏமாந்திருந்தாள். இந்தக் கோடையில் அவள் பெயர் விழுந்தது. அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்துமிடத்தில் அன்று போட்ட கூச்சலில், வண்டிக்கடியில் பாம்பு புகுந்துவிட்டது என்று மற்ற ஓட்டுநர்கள் ஓடி வந்தார்கள். இதை விட்டால் அடுத்தது எப்போதோ.

ராய்ஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். இருட்டுவதற்குள் காப்பிக் கோப்பை மூடி அளவுக்குள் மூன்று குண்டு விழ வேண்டும். விழாவிட்டால், நாளை அவனுடைய பெரிய துப்பாக்கியைத்தான் அவள் தூக்க வேண்டும். போன வருஷம் அது உதைத்த உதையில் அவள் புருவம் கிழிந்தது. ஆனாலும் அவள் மறுக்கவில்லை. குண்டு எங்கே போகும் என்று தெரியாமல் சுட்டு, மான் காயத்தோடு நடந்து எங்கோ போய்ச் சாவதை அவளாலும் தாங்க முடியாது.

அட்டையை மடியில் விரித்தாள். ஓட்டைகளில் விரலை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

"ராய்ஸ், இந்த ஓட்டையைப் பாரு."

"பாத்தாச்சு. நடுவுல இல்ல."

"எங்க இருக்குன்னு கேக்கல. எப்படி இருக்குன்னு பாரு."

ராய்ஸ் குனிந்தான். ஓட்டை வட்டமாக இல்லை. குண்டின் பக்கவாட்டு உருவம் அப்படியே அட்டையில் பதிந்திருந்தது. பக்கத்திலிருந்த இன்னொன்று நீள்வட்டம். குண்டுகள் மூக்கால் துளைக்கவில்லை. புரண்டுகொண்டே போய்ப் படுத்தவாக்கில் இடித்திருக்கின்றன.

"நான் கண்ணை மூடுனா குறி தப்பும், சரி. குண்டைப் படுக்க வைக்க என்னால முடியுமா?"

ராய்ஸ் விதைத் தோலைத் துப்பினான்.

லோர்னா எழுந்தாள். வண்டியிலிருந்து துப்பாக்கி துடைக்கும் கம்பியை எடுத்தாள். நுனியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் நுழைத்தாள். கம்பி மேல் ஒரு துண்டு டேப்பைக் கொடிபோல ஒட்டினாள். உள்ளே தள்ளத் தள்ள, குழலின் சுருள் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு கம்பி தானாகச் சுழன்றது. கொடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மேலே வந்ததும் நிறுத்தினாள்.

"எவ்வளவு தூரம் உள்ள போயிருக்கு, அள."

ராய்ஸ் அளவு நாடாவை இழுத்தான். "பன்னெண்டு அங்குலம்."

அவள் குண்டுப் பெட்டியைத் தேடி எடுத்தாள். நூற்றைந்து கிரெயின் எடையுள்ள, ஊசிபோல நீண்ட குண்டுகள். ஷர்லி பேசின் காற்றுக்குக் கனமான குண்டுதான் அசையாமல் போகும் என்று ஆசையாக வாங்கியவை. பெட்டி ஓரத்தில், எறும்பு வரிசைபோல ஒரு வரி: எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழற்றும் குழலுக்கு மட்டும்.

"இதைப் படிக்கவே இல்லையா நீ?"

"எடையை மட்டும் பாத்தேன்" என்று லோர்னா சிரித்தாள். அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது. "நீளமான குண்டு வேகமாச் சுத்தணும்டா, பம்பரம் மாதிரி. என் குழல் சோம்பேறி. பாதிச் சுத்துல தள்ளிவிட்டுடுது. நகரு, நகரு!"

நரி சுட வாங்கிய எண்பத்தைந்து கிரெயின் குண்டுகள் இருக்கைக்கடியில் கிடந்தன. குட்டையானவை. லோர்னா தோட்டாக்களைத் தானே செய்துகொள்பவள்; அடியில் தீப்பொறி மூடி பொருத்திய வெற்றுப் பித்தளைக் கூடுகள் வண்டியில் தயாராக இருந்தன. வெடிமருந்தும் குண்டும்தான் பாக்கி. ஆனால் வெளியே வைத்தபோது மருந்து நிறுக்கும் தராசின் முள் காற்றில் துடித்தது.

"உள்ள ஏறு. கண்ணாடியை ஏத்து."

இருவரும் வண்டிக்குள் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவள் தோட்டா செய்யும் கையேட்டில் எண்பத்தைந்துக்கான பக்கத்தைப் புரட்டி, அதிலேயே குறைந்த மருந்தளவை எடுத்தாள்.

"கொஞ்சம் கூடத்தான் போடேன்."

"மூச்சு விடாத. முள்ளு ஆடுது."

"மூச்சு விடாம எவ்வளவு நேரம்..."

"பேசவும் செய்யாத!"

சிகரெட் பற்ற வைக்கக் கை போனவனை அவள் பார்த்த பார்வையில், அவன் கண்ணாடியை இறக்கிப் பெட்டியை வெளியே எறிந்துவிட்டு மறுபடி ஏற்றினான். அளந்த மருந்தைக் கூட்டில் கொட்டி, அதன் வாயில் குண்டை நிறுத்தி, கையால் இயக்கும் அச்சுக் கருவியின் நெம்புகோலை அழுத்தினாள். குண்டு மெத்தென்று கூட்டின் கழுத்துக்குள் இறங்கியது.

வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. படுத்து, மூன்று முறை சுட்டாள். இந்த முறை நடந்து போகவில்லை. இருவருமே அட்டையை நோக்கி ஓடினார்கள். மூன்று ஓட்டைகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பொத்தான் துளைகள்போல வட்டமாக. ராய்ஸ் காப்பி மூடியை வைத்து மறைத்துப் பார்த்தான். மூன்றும் மறைந்தன.

"சரிம்மா தாயே" என்றான். "கண்ணைத் திறந்துதான் சுட்டிருக்க."

காலையில் அதே காற்று. மேட்டின் மறைவில் இருவரும் படுத்திருந்தார்கள். கீழே மான்கூட்டம். நடுவில் கறுத்த கன்னமும் முன்னோக்கிக் கிளைத்த கொம்புமாய் ஓர் ஆண்மான்.

ராய்ஸ் தூரம் பார்த்தான். "முன்னூறு கெஜத்துக்கு மேல. என் துப்பாக்கின்னா இங்கிருந்தே முடிச்சிடுவேன். உன் குருவிக் குண்டைக் காத்து ஊதித் தள்ளிடும்."

"தெரியும். கிட்டப் போறேன்."

"அதுங்களுக்குக் கண்ணு எப்படின்னு தெரியுமில்ல?"

அவள் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தாள். சேஜ் புதர் விட்டுப் புதர். தலைகள் குனிந்திருக்கும்போது மட்டும் நகர்வாள். நிமிர்ந்தால் கல்லாவாள். முழங்காலில் கள்ளி முள் ஏறியது, எடுக்க நேரமில்லை. ஒரு பெண்மான் அவளையே வெறித்துப் பார்த்தது. அவள் மூக்கில் ஈ உட்கார்ந்தது. லோர்னாவின் இதயம் மண்ணில் மோதும் சத்தம் அதற்குக் கேட்டிருக்குமோ? பெண்மான் தும்மிவிட்டுத் திரும்பவும் மேய்ந்தது.

இன்னும் ஒரு புதர். இன்னும் ஒன்று. பாதித் தூரம் கடந்ததும், இனி மறைவே இல்லை என்ற இடத்தில் துப்பாக்கியைப் பை மேல் வைத்தாள். ஆண்மான் பக்கவாட்டில் நின்றது. காற்று ஒரு கணம் தளர்ந்தது. தோளுக்குப் பின்னே குறி வைத்து, விசையை மெல்ல இழுத்தாள்.

கூட்டம் சிதறிப் பறந்தது. ஆண்மான் நான்கு பாய்ச்சல் பாய்ந்து, முன்கால் மடங்கி விழுந்தது. எழவில்லை.

அவள் குறியை விலக்காமல் காத்திருந்தாள். பிறகு எழுந்தாள். ராய்ஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி கத்திக்கொண்டே இறங்கி வந்தான்.

"ஒரே குண்டு! ஒரே குண்டு! லோர்னா, பைத்தியக்காரி!"

அவள் மானின் பக்கத்தில் மண்டியிட்டு, முரட்டு ரோமத்தில் கை வைத்தாள். இன்னும் சூடு. அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கூடவே சிரிப்பும் வந்தது.

"வெயில் ஏறுது, இறைச்சி கெடும்" என்று ராய்ஸ் சட்டைக் கையை மடக்கினான். "கத்தியைக் குடு."

"எந்தக் கத்தி? உன்கிட்ட இல்லையா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிக்கப் மேட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கே தெரியாத தூரத்தில் நின்றது.

"சுட்டது நீ. நீ போ."

"சுட்டது நான். அதனால நீ போ!"

ராய்ஸ் திட்டிக்கொண்டே மேட்டில் ஓடத் தொடங்கினான். "தண்ணியும் எடுத்துட்டு வா!" என்று அவள் கத்தினாள். காற்று அதை அவனிடம் கொண்டு சேர்க்கவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினாள்.